எக்கோ தரை காட்டவில்லையா? பெட்டியைக் கழற்றுமுன் பார்க்க வேண்டியவை

பாகக்கயிறு, தூத்துக்குடி

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. ஜூன் 15 விடியற்காலை விசைப்படகுகள் கிளம்பும். மறுநாளே ஆரம்பித்துவிடும்: "எக்கோ தரை பிடிக்கலை", "மீன் காட்டவே மாட்டேங்குது", "பெட்டி போச்சு போல, புதுசு என்ன விலை?" எக்கோ என்பது கடலுக்குள் ஒலி அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துத் தரையையும் மீனையும் திரையில் காட்டும் கருவி. அதன் திரைப் பெட்டி போயிருப்பது அபூர்வம். இரண்டு மாதம் சும்மா கிடந்த படகில் கெடுவது வேறு மூன்று இடங்கள்: தண்ணீருக்குள் இருந்து ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசரின் முகம், அங்கிருந்து மேலே வரும் கேபிள், பாட்டரியிலிருந்து வரும் கரண்ட். இங்கே எழுதுபவர்கள் அறிகுறி என்ன, காரணம் என்ன, என்ன செய்தால் சரியாகும் என்று எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம்.

ஜெட்டியில் கட்டியிருக்கும்போதே பத்து நிமிடத்தில் பார்த்துவிடக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எஞ்சினை அணைத்துவிட்டு எக்கோவை மட்டும் போடுங்கள். திரையில் வோல்டேஜ் காட்டும் வசதி இருந்தால் அதைப் பாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பாட்டரி ஓய்வில் 12.6 காட்டும். அடுத்து தண்ணீர் வெப்பநிலை. அதுவும் கோடு கோடாக வந்தாலோ, 60 டிகிரி மாதிரி பைத்தியக்காரத்தனமாக வந்தாலோ, பிளக்கையோ கேபிளையோ சந்தேகிக்கலாம். வெப்பநிலை சரியாக வந்து ஆழம் மட்டும் வராவிட்டால், டிரான்ஸ்டியூசர் முகத்தைச் சந்தேகிக்கலாம்.

பிறகு ஆட்டோ ரேஞ்சை (திரையில் காட்டும் ஆழ அளவைப் பெட்டியே மாற்றிக்கொள்வது) நிறுத்துங்கள். ஜெட்டியில் 3, 4 மீட்டர்தான் இருக்கும். ரேஞ்சைக் கையால் 0–10 மீட்டரில் வைத்து, கெயினை (வரும் எதிரொலியைப் பெருக்கும் அளவு) அடியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். தரை ஒரு தடித்த பட்டையாக வரும். இன்னும் ஏற்றினால் அதே ஆழத்துக்கு இரட்டிப்பில் இன்னொரு மெல்லிய தரை தெரியும். தரையில் பட்டு வந்த ஒலி படகின் அடியில் மோதி, மறுபடி இறங்கி ஏறி வருவதுதான் அது. அந்த இரண்டாம் தரை தெரிந்தால் உங்கள் எக்கோவுக்கு உயிர் நன்றாகவே இருக்கிறது. அதற்கப்புறம் புதுப் பெட்டி விலை விசாரிக்க வேண்டாம்.

பன்னிரண்டு வோல்ட், ராமேஸ்வரம்

கரண்ட் பக்கம் நான் எழுதுகிறேன்.

எஞ்சின் ஸ்டார்ட் பண்ணும்போது திரை அணைந்து மறுபடி எரிகிறது என்றால் பழுது எக்கோவில் இல்லை. செல்ஃப் இழுக்கும் அந்த இரண்டு வினாடியில் பாட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே போகிறது, பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைகிறது. எக்கோவுக்குத் தனி பாட்டரி வைப்பது நல்லது. முடியாவிட்டால் ஸ்டார்ட் ஆன பிறகு எக்கோவைப் போடும் பழக்கம் போதும்.

கடலில் போகும்போது திடீர் திடீரென அணைந்தால் மீட்டரை எடுங்கள். எக்கோ ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு இடத்தில் அளக்க வேண்டும்: பாட்டரி முனையில், பெட்டியின் பின்பக்கப் பிளக்கில். பாட்டரியில் 12.6, பிளக்கில் 11.4 என்றால் 1.2 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. அரை வோல்ட்டுக்கு மேல் போனாலே தேட வேண்டும். எக்கோவை அணைத்துவிட்டு அளந்தால் இரண்டு இடத்திலும் 12.6தான் வரும். எல்லாம் சரி என்று மூடிவைத்துவிட்டுப் போவது இதனால்தான் நடக்கிறது.

தொலையும் இடம் பெரும்பாலும் கண்ணாடி பியூஸ் வைக்கும் ஹோல்டர். பியூஸ் உள்ளே கம்பி அறுந்திருக்காது, பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இரு முனையின் வெள்ளி மூடி மங்கிப்போயிருக்கும், ஹோல்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். விரலால் பியூஸை ஒரு சுற்றுச் சுற்றினால் எரியும், இரண்டு நாளில் மறுபடி அணையும். சுற்றிவிடுவது வைத்தியம் இல்லை. ஹோல்டரையே மாற்றி, தண்ணீர் புகாத மூடி போட்ட பிளேடு பியூஸ் ஹோல்டர் வையுங்கள். எத்தனை ஆம்பியர் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறதோ அதே பியூஸ். சிகரெட் டப்பாத் தாள் சுற்றிய பியூஸை இன்னும் பார்க்க முடிகிறது.

வயர் கனம் அடுத்தது. பாட்டரி 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 10 மீட்டர் செம்பு. எக்கோ 2 ஆம்பியர் இழுத்தால், 0.75 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயரில் ஏறக்குறைய அரை வோல்ட் போகும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.15தான். ஈயம் பூசிய செம்பு கிடைத்தால் அதுவே எடுங்கள், உப்புக் காற்றில் கறுக்காது.

24 வோல்ட் படகில் 12 வோல்ட் எக்கோவை இரண்டு பாட்டரியில் ஒன்றில் மட்டும் கொக்கி போடுகிறார்கள். அந்த ஒரு பாட்டரி எப்போதும் பட்டினி, மற்றது எப்போதும் அளவுக்கு மேல் சார்ஜ். கடைசியில் இரண்டும் சீக்கிரம் சாகும். 24–12 கன்வெர்ட்டர் வைக்க வேண்டும். மலிவான கன்வெர்ட்டர் திரையில் பொடி இறைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பொடி என்றதும் நினைவு வருகிறது. திரை முழுக்க மணல் தூவின மாதிரி வந்தால் எங்கிருந்து வருகிறது என்று பிரிக்கும் முறை இது. படகைக் கட்டிவைத்து எஞ்சினை அணைத்து, எக்கோவை மட்டும் போட்டு கெயினைக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். சுத்தமாக இருந்தால், ஒவ்வொன்றாகப் போடுங்கள்: எல்.ஈ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், மொபைல் சார்ஜர், வி.எச்.எஃப். வயர்லெஸ் செட், கடைசியாக எஞ்சின். எதைப் போட்டதும் பொடி வருகிறதோ அதுதான் ஆள். நிறுத்தின இடத்திலேயே எஞ்சின் ரேஸ் பண்ணப் பண்ணப் பொடி கூடினால் ஆல்டர்னேட்டர். ரேஸ் பண்ணினால் ஒன்றும் இல்லை, படகு ஓடும்போது மட்டும் கூடுகிறது என்றால் அது மின்சாரம் இல்லை, தண்ணீர்க் குமிழி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பாட்டரி மாற்றுபவர்கள் உண்டு.

டிரான்ஸ்டியூசர் கேபிளை மற்ற வயர்களோடு சேர்த்து டை போட்டுக் கட்டாதீர்கள். ஒரு அடியாவது தள்ளிப் போக வேண்டும், குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர் குறுக்காகக் கடக்கட்டும். நீளம் கூடுதல் என்று வெட்டக்கூடாது. மிச்சத்தைப் பெரிய வளையமாகச் சுருட்டிக் கட்டிவையுங்கள்.

ஏராக்கட்டை, மண்டபம்

கேபிளை ஏற்கெனவே எலி கடித்துவிட்டது, அல்லது யாரோ வெட்டிவிட்டார் என்றால்? நீர்மட்டத்துக்கு மேலே, காய்ந்த இடத்தில்தான் ஒட்டுப் போடலாம். ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே ஈயம் வைத்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய் போடுங்கள். வெளியே சுற்றியிருக்கும் வலைக்கம்பி உறையையும் விடாமல் சேர்த்து ஈயம் வையுங்கள். அதை விட்டால் கேபிள் முழுக்க ஏரியல் ஆகிவிடும். எம்சீல் அப்பி மூடுவது பார்க்கக் கெட்டியாக இருக்கும், கேபிள் ஆடும்போது ஓரத்தில் வெடித்து நீர் உள்ளே போகும்.

இனி முகம். தடைக்காலத்தில் படகை ஏற்றாமல் தண்ணீரிலேயே விட்டிருந்தால் டிரான்ஸ்டியூசர் முகத்தில் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓட்டு உயிர்) பிடித்திருக்கும். ஒலி போகும் வழியில் சுண்ணாம்புச் சுவர் எழுப்பின மாதிரி. மெல்லிய பாசி அவ்வளவு கெடுதல் செய்யாது. கொட்டலசு ஓட்டுக்குள் காற்றும் இடைவெளியும் இருப்பதால்தான் ஒலி திரும்பிவிடுகிறது.

எடுப்பது இப்படி. காயும் முன்பே, ஈரத்தோடு, மூங்கில் சீவல் அல்லது பிளாஸ்டிக் தகடால் பக்கவாட்டில் நெம்புங்கள். ஓடு பெயர்ந்துவிடும். அடியில் வெள்ளை வட்டத் தழும்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டக்கூடாது. 220 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, விரல் நுனியால் அழுத்தாமல் வட்டமாகத் தேயுங்கள். முகத்தின் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். உளி, கம்பிப் பிரஷ், கிரைண்டர் மூன்றும் ஆகாது. ஆசிட் ஊற்றினால் கொட்டலசு கரையும்தான், டிரான்ஸ்டியூசரின் வெண்கலக் கூட்டையும் அரிக்கும். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் பட்டால் பிளாஸ்டிக் முகம் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். அன்றைக்குத் தெரியாது. பாக் நீரிணை மாதிரி ஆழமில்லாத இடத்தில் தரை காட்டும், ஆழத்துக்குப் போனால் விடும். நாளாக நாளாக விடும் ஆழம் குறைந்துகொண்டே வந்தால், உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம். அதற்கு மாற்றுவது ஒன்றே வழி.

பெயின்ட். அடிப்பக்கத்துக்கு அடிக்கும் செம்புப் பெயின்டை அப்படியே டிரான்ஸ்டியூசர் மேலும் இழுத்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் அது பொருக்காகத் தடித்து நிற்கும். முகத்துக்கு நீரில் கரையும் பாசித் தடுப்புப் பெயின்ட்தான், அதுவும் மெல்லிசாக ஒரே கை. பெயின்டர் வரும்முன் டேப் ஒட்டிவையுங்கள், பிறகு ஞாபகமாகப் பிரித்துவிடுங்கள். டேப்போடு கடலுக்குப் போன படகு இந்தப் பக்கம் உண்டு.

மரப்படகில் பிளாஸ்டிக் கூடு போடாதீர்கள். ஏற்றிவைத்த படகில் மரம் காய்ந்து சுருங்கும், இறக்கியதும் ஊறிப் பெருக்கும். அந்த நெருக்கத்தில் பிளாஸ்டிக் கழுத்து விரிசல் விடும். மரத்துக்கு வெண்கலம். இரும்புப் படகில் வெண்கலத்தை நேரடியாக முட்டவிட்டால் ஓட்டை ஓரத்து இரும்பு அரித்துப் போகும். அங்கே ஸ்டெயின்லெஸ் கூடு, நடுவில் பிரித்துவைக்கும் புஷ். நீர்மட்டத்துக்குக் கீழே சாதாரண சிலிக்கான் வேண்டாம், மரைன் சீலண்ட் மட்டும். இறக்கியவுடன் நட்டைப் பாருங்கள், மறுநாளும் பாருங்கள். மரம் ஊறிய பிறகு இறுக்கம் மாறியிருக்கும்.

இடம் எங்கே என்று அடிக்கடி கேட்கிறார்கள். அணியத்திலிருந்து (முன்முனை) அளந்தால் படகு நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் நடுவில், ஏராவுக்கு (படகின் நடு அடிமரம்) பக்கத்தில். முன்னால் தண்ணீர் இழுக்கும் குழாய் வாயோ துத்தநாகக் கட்டியோ இருக்கக்கூடாது, அவை கிளப்பும் குமிழி நேராக முகத்தில் ஓடும். அடிப்பலகை சாய்வாக இருந்தால் கட்டை செதுக்கி வைத்து முகம் நேர் கீழே பார்க்கும்படி அமையுங்கள்.

இன்னொன்று மறந்துவிட்டேன். கரையில் இருக்கும்போது, வேலை செய்கிறதா பார்ப்போம் என்று எக்கோவைப் போட்டு ஓடவிடாதீர்கள். முகத்துக்கு எதிரே தண்ணீர் இல்லாமல் சக்தி உள்ளேயே அடிக்கும். தண்ணீரில் இறங்கிய பிறகு, உள்பக்கம் கூட்டுக்கு அருகில் ஒரு மரக்கட்டையை ஊன்றிக் காதை வையுங்கள். டிக் டிக் டிக் என்று கேட்டால் அனுப்புகிறது என்று அர்த்தம். வாங்குகிறதா என்பது அதில் தெரியாது.

சவுக்குக்கம்பு, நாகப்பட்டினம்

மேலே சொன்னதெல்லாம் பெரிய படகு. பைபர் படகில் அலை உடையும் இடத்தைத் தாண்டி மணலில் ஏற்ற வேண்டும். அடியில் எதையும் நிரந்தரமாக வைக்க முடியாது.

இங்கே கம்பு முறைதான் நிற்கிறது. ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. குழாய், நடுப்படகில் பக்கப்பலகையில் இரண்டு கிளாம்ப், குழாயின் நுனியில் டிரான்ஸ்டியூசர். முகம் படகின் அடிமட்டத்துக்கு நான்கு விரல்கடை கீழே இறங்க வேண்டும். மேலே நின்றால் அடிப்பலகையோடு ஒட்டி ஓடிவரும் குமிழி மறைத்துவிடும். குழாயின் அடிப்பகுதியிலிருந்து அணியத்துக்கு ஒரு கயிறு இழுத்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஓட்டத்தில் குழாய் பின்னால் வளைந்து, ஒலி நேர் கீழே போகாமல் சாய்ந்து போகும். திரையில் ஆழம் கூடுதலாகக் காட்டும். லாங் டெயில் எஞ்சின் பின்னால் கிளறுவதால் கம்பை எக்காரணம் கொண்டும் அமரத்துப் பக்கம் (பின்பக்கம்) வைக்காதீர்கள். ஓடும் வேகத்தில் எக்கோ பார்க்க முடியாது, எஞ்சினை இறக்கிப் பாருங்கள்.

கரைக்கு வரும்போது முதல் அலை உடையும் இடத்துக்கு வெகு முன்பே கம்பைத் தூக்கிக் கட்டிவிட வேண்டும். மணலில் ஒரு தடவை உரசினால் முகம் கீறிவிடும்.

பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போவதால் பிளக் தினமும் இரண்டு தடவை கழன்று மாட்டுகிறது. பின் வளைவது இதில்தான். காடியைப் பார்த்து நேராக உள்ளே தள்ளிய பிறகு வளையத்தைத் திருகுங்கள், திருகித் தள்ளக்கூடாது. பெட்டி இல்லாத நேரத்தில் தொங்கும் பிளக்குக்கு மூடி வேண்டும். மூடி தொலைந்திருந்தால் மாத்திரை டப்பா மூடியும் ரப்பர் பேண்டும் போதும்.

பாட்டரிக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர் யு.பி.எஸ். பாட்டரி போதுமா என்றால், சின்னத் திரை முக்கால் ஆம்பியர் இழுக்கும் என்று வையுங்கள். அந்தப் பாட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், ஆகவே 3.5 கணக்கு. நாலரை மணி நேரம். திரை வெளிச்சத்தைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம் வரும்.

மன்னார்க்கரை

அண்ணை, எங்கட பக்கம் வெளியிணைப்பு எஞ்சின் போட்ட பைபர் போட்டுகள்தான் கூட. அதுக்குப் பின்பலகையில பூட்டுற டிரான்ஸ்டியூசர். புரொப்பல்லரிலயிருந்து 15 அங்குலமாவது தள்ளிப் பூட்டோணும். பின்னுக்கு நிண்டு பாக்கேக்க புரொப்பல்லர் வலஞ்சுழியாச் சுத்தினால் வலப்பக்கம் பூட்டுங்கோ, அந்தப் பக்கம் இதழ் கீழ்நோக்கி இறங்கிறதால குமிழி குறைவு. முகம் அடிப்பலகைக்கு 3 மில்லிமீற்றர் கீழ நிண்டால் காணும். கூட இறக்கினால் தண்ணி பீச்சி அடிக்கும்.

ஒவ்வொரு நாளும் வந்தோண்ண நல்ல தண்ணியால கழுவிப்போட்டு, திரையை ஈரத்துணியால ஒத்தி எடுங்கோ. காய்ஞ்ச உப்போட துடைச்சால் உப்புப் பரல் கண்ணாடியைக் கீறும். புதுசா இறக்கேக்க முகத்தைப் பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியால ஒருக்காத் தடவிவிடுங்கோ. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் காத்துக் குமிழ் ஒட்டிக்கொண்டு நிக்கும், அண்டைக்கு முழுக்க ஒண்டும் காட்டாது.

ஆழ்கடல் தூண்டில், தூத்தூர்

பழுதே இல்லாமல் பழுது மாதிரித் தெரிவது பற்றிக் கொஞ்சம்.

200 கிலோஹெர்ட்ஸில் வைத்துக்கொண்டு ஆழத்தில் தரை வரவில்லை என்று சொல்வது. உயர்ந்த அலைவரிசையைக் கடல் சீக்கிரம் விழுங்கிவிடும். ஆழத்துக்கு 50. ஆனால் 50இன் கூம்பு, அதாவது ஒலி விரிந்து இறங்கும் வடிவம், அகலம். 12 டிகிரிக் கூம்புள்ள 200 கிலோஹெர்ட்ஸ், 100 மீட்டர் ஆழத்தில் 21 மீட்டர் வட்டத்தைப் பார்க்கிறது. 45 டிகிரிக் கூம்புள்ள 50, அதே ஆழத்தில் 83 மீட்டர் வட்டத்தைப் பார்க்கிறது. அந்த வட்டத்துக்குள் பாரின் (கடலடிப் பாறையின்) உச்சி ஓரமாக வந்தாலும் அதைத்தான் தரை என்று கோடு போடும். பக்கத்துப் பள்ளத்தில் தரையோடு ஒட்டிக் கிடக்கும் மீன் அந்தக் கோட்டுக்கு அடியில் மறைந்துபோகும். பார் ஓரத்தில் வலை மாட்டுவதற்கும் இதே காரணம்: திரையில் தெரியும் சரிவு உண்மைச் சரிவைவிட மழுங்கலாக இருக்கும். பார் தேடும்போது 50, ஓரம் பார்க்கும்போது 200. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கயிறு விட்டுப் பார்த்தால் ஆழம் ஒத்துவரவில்லை என்ற புகாருக்கு மூன்று காரணம். ஒன்று, எக்கோ தன் முகத்திலிருந்து அளக்கிறது. முகம் நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் கீழே இருந்தால் அதை மெனுவில் கூட்டிவைக்க வேண்டும். இரண்டு, நீவாட்டில் (நீரோட்டத்தில்) கயிறு சாய்ந்து போகும், கயிற்றுக் கணக்கு கூடுதலாக வரும். மூன்றாவது பலருக்குத் தெரியாது. பெட்டி பொதுவாக ஒலி வினாடிக்கு 1500 மீட்டர் ஓடுவதாக எடுத்துக்கொள்கிறது. 30 டிகிரி வெப்பமுள்ள நம் கடல் மேல்தண்ணீரில் ஏறத்தாழ 1545. ஆகவே உண்மை ஆழம் 100 மீட்டர் என்றால் 97 காட்டும். இது பழுதில்லை. பாகக் கணக்கில் (பாகம் ஏறக்குறைய ஆறடி) சொன்னால், 50 பாகத்தில் ஒன்றரைப் பாகம் குறையும்.

பக்கத்துப் படகும் அதே அலைவரிசையில் எக்கோ போட்டால் திரையில் சாய்கோடாகப் புள்ளிகள் ஓடும். அதற்கு இடையூறு நீக்கும் வசதியை ஒரு படி ஏற்றினால் போதும். படகு விலகியதும் இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சின்ன மீனின் மெல்லிய எதிரொலியையும் அது துடைத்துவிடும். மீன் படம் போட்டுக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். குமிழிக்கும் மிதவை உயிருக்கும் கூட அது மீன் படம் போடும்.

கெயின்: திரையில் லேசாகப் பொடி தெரியும்வரை ஏற்றி, ஒரு படி இறக்குங்கள். அப்படியே வைத்துக்கொண்டால்தான் சேறா பாரா என்று பிரிக்க முடியும். பார் என்றால் தரைக்குக் கீழே வால் நீளமாகத் தொங்கும், சேறு என்றால் வால் குட்டை. கெயினை நிமிடத்துக்கு ஒருதரம் மாற்றினால் வால் நீளத்துக்கு அர்த்தமே இல்லை.

பன்னிரண்டு வோல்ட், ராமேஸ்வரம்

அண்ணே, ஆட்டோவிலேயே விட்டால் என்ன? எல்லோருக்கும் கெயின் பிடிக்க வராது.

ஆழ்கடல் தூண்டில், தூத்தூர்

ஓடும்போது ஆட்டோ சரிதான். வலை இறக்கும் முன் கையால் வையுங்கள். ஆட்டோ தரையின் பலத்துக்கு ஏற்பக் கெயினைக் குறைக்கும், அதோடு மீனும் மங்கும்.

பாகக்கயிறு, தூத்துக்குடி

பிளக் களிம்பு பற்றி யாரும் முழுதாக எழுதவில்லை. கரண்டை அணைத்துவிட்டு, ஐசோபிரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய மென்மையான பல்துலக்கும் பிரஷால் பின்களைத் தேய்த்து, முழுக்கக் காயவிடுங்கள். பிறகு ரப்பர் வளையத்தில் மெல்லிசாகச் சிலிக்கான் கிரீஸ். உப்புத்தாளால் பின்னைத் தேய்த்தால் மேல்பூச்சு போய், அடுத்த வாரமே பச்சையாகும். ஒரு பின் ஏற்கெனவே கறுத்து மெலிந்திருந்தால் அந்தப் பிளக் வழியே தண்ணீர் கேபிளுக்குள்ளும் ஏறியிருக்கும்.

வெப்பநிலை உணரியைச் சோதிக்கும் வழியும் ஒன்று: பல டிரான்ஸ்டியூசர்களில் அதன் இரண்டு கம்பிக்கு நடுவே 25 டிகிரியில் 10,000 ஓம் இருக்கும், சூடானால் குறையும். நடுப்பகலில் 8,000 பக்கம் காட்டினால் பயப்படாதீர்கள். ஆழம் பார்க்கும் கம்பிகளில் மீட்டர் வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால், அதே மாடல் வைத்திருக்கும் பக்கத்துப் படகின் பெட்டியை உங்கள் கேபிளில் மாட்டிப் பாருங்கள்.

ஏராக்கட்டை, மண்டபம்

இரும்புப் படகுக்காரர்களுக்கு ஒன்று விட்டுப்போயிற்று. தடைக்காலத்தில் வெல்டிங் வேலை நடக்கும் முன் எக்கோவின் கரண்ட் பிளக், டிரான்ஸ்டியூசர் பிளக் இரண்டையும் கழற்றிப் பெட்டியை இறக்கி வைத்துவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது, சுவிட்ச் ஒரு கம்பியைத்தான் பிரிக்கிறது, எர்த் வழியாக வெல்டிங் கரண்ட் வரும். வெல்டரின் எர்த் கிளாம்ப் வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். டிரான்ஸ்டியூசர் கூட்டுக்கு அருகில் வெல்டிங் என்றால் டிரான்ஸ்டியூசரையே கழற்ற வேண்டும், அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பசை விட்டுவிடும்.